எதிர்க்கடைக்காரி

"உங்களுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த வேகத்திலேயே மாதர் சங்கச் செயலாளர் சத்தம் போட்டார். பார்லரில் காத்திருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்லரின் முதலாளியை வாடிக்கையாளர்கள் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஒரு அம்மாளின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"என்ன மேடம், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காதீங்க. எதிர்ல சுருட்டை பார்லர் வச்சு எத்தனை மாசம் ஆச்சு? ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. ஏன்னு நேத்துதான் தெரிஞ்சுது. 'குப்பை பொறுக்கின கை, அதை மூஞ்சியில வைக்க விடுவீங்களா'ன்னு உங்க கடையிலதான் பேசிக்கிறாங்களாம். இங்க உட்கார்ந்து காதால கேட்டவங்களே சொன்னாங்க."

சுருட்டை, குப்பைமேட்டை ஒட்டின குடிசையில் பிறந்தவள். தலைமுடியால் வந்த பெயர். அந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கடைத்தெருவில் யாரும் இடம் வாடகைக்குக் கொடுக்க மாட்டார்கள். அது உரிமை மறுப்பு என்று சங்கத்தின் பேரில் வழக்குப் போட்டு, கோர்ட் படி ஏறி இறங்கி, அவளுக்குத் தொழிலும் கற்றுக்கொடுத்து, அந்தக் கடையைப் பிடித்துத் தந்தவர் செயலாளர். அவருக்கு வயிறு எரியாதா?

"போட்டியை வேலையில காட்டுங்க. பொறந்த இடத்தைச் சொல்லி ஆளை ஒதுக்காதீங்க. நாளைக்கே சங்கத்துப் பொம்பளைங்க எல்லாரையும் கூட்டிட்டு வந்து உங்க வாசல்ல உட்கார்ந்துடுவேன். மரியாதையா வந்து அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேளுங்க."

தலையில் பாதிச் சாயத்தோடு இருந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "பெரியக்கா, நீங்க ஏன் இதையெல்லாம் சும்மா கேட்டுக்கிட்டு..."

"நீங்க தலையை ஆட்டாதீங்க, நெத்தியில வழியும்," என்று அவளை அடக்கிவிட்டுப் பெரியக்கா கையுறையைக் கழற்றினார். "வாங்க மேடம். அங்கயே போயிடலாம்."

இவ்வளவு சுலபமாக வழிக்கு வருவார் என்று செயலாளர் எதிர்பார்க்கவில்லை. ஜெயித்த நடையோடு தெருவைக் கடந்தார்.

சுருட்டையின் கடை வாசலில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சுருட்டை அவள் கூந்தலை வாரி எடுத்துக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"எம் பொண்ணு," என்றார் பெரியக்கா. "வர்ற வாரம் கல்யாணம். இன்னிக்கு அலங்காரம் போட்டுப் பாக்குறா."

"உங்க பொண்ணா? உங்களுக்கே பார்லர் இருக்கே!"

"இருக்கு. ஆனா எம் பொண்ணு தலையை நான் இங்க குடுத்தாத்தானே மேடம், மத்தவங்க குடுப்பாங்க? என் கடைக்கு வர்றவங்க அத்தனை பேரும் கல்யாணத்துக்கு வருவாங்க. 'யாரு அலங்காரம்'னு கேக்காமலா போயிடுவாங்க?"

செயலாளருக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சிடுங்க. வாய்க்கு வந்ததை எல்லாம் பேசிட்டேன். அப்போ, அந்தப் பேச்சு பொய்யா?"

"பேச்சு நிஜம்தான். என் கடையிலதான் பேசினாங்க."

"யாரு? சொல்லுங்க, சும்மா விடமாட்டேன்."

"விடுங்க மேடம்."

"அதெப்படி விடுறது?"

பெரியக்கா உள்ளே ஒரு பார்வை பார்த்தார். சுருட்டை பல்லில் ஊசியைக் கடித்தபடி கொண்டையில் மும்முரமாக இருந்தாள். செயலாளரை வாசலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு வந்து குரலைத் தணித்தார்.

"உங்ககிட்ட வந்து சொன்னது யாரு?"

"எங்க நாத்தனார்."

"அவங்கதான்."

"அவங்கதான்னா?"

"பேசினதே அவங்கதான். 'அப்படிச் சொல்லாதீங்க, வேலை தெரிஞ்ச பொண்ணு, ஒரு தடவை போய்ப் பாருங்க'ன்னு நான் சொல்லிப் பார்த்தேன். 'கடை வச்சுக் குடுத்த எங்க அண்ணியே அங்க தலையைக் குடுக்கிறதில்ல. காரை எடுத்துக்கிட்டு வேற எங்கயோ போறாங்க. நான் எதுக்குப் போகணும்?'னாங்க. என்கிட்ட பதில் இல்ல மேடம்."

செயலாளரின் கை தானாகத் தன் தலைமுடிக்குப் போனது.

"அத்தனை பேர் முன்னாடி இதைச் சொல்ல வேணாம்னுதான் இங்க கூட்டிட்டு வந்தேன். அந்தப் பொண்ணு காதுல விழுந்துடாம பாத்துக்குங்க. உங்களைத் தாய்க்குச் சமமா நினைச்சுக்கிட்டிருக்கா. மனசு ஒடிஞ்சுடுவா."

திறப்பு விழா நாள் செயலாளரின் கண் முன்னால் வந்து நின்றது. ரிப்பன் வெட்டிவிட்டு, போட்டோவுக்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுருட்டை ஆசையாகச் சீப்பை எடுத்துக்கொண்டு வந்து தலையில் கை வைக்கப் போனாள். கை கிட்டே வந்ததும் இவர் தலை தானாகப் பின்னால் போனது. "இன்னிக்கு வேணாம்மா, மீட்டிங் இருக்கு," என்று எழுந்துவிட்டார். அன்றைக்கு மீட்டிங் எதுவும் இல்லை.

இப்படியே வீட்டுக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓடவில்லை. மணப்பெண் எழுந்ததும் உள்ளே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்கும் கொஞ்சம் முடி வெட்டி விடும்மா."

சுருட்டை ஒரு நிமிஷம் நம்பாமல் நின்றாள். அப்புறம் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். துடைத்துக்கொண்டு மறுபடியும் கழுவினாள். நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, செயலாளரின் தலைக்கு ஒரு சாண் மேலே கையை நிறுத்திக்கொண்டு, கண்ணாடியில் அவரைப் பார்த்துக் கேட்டாள்:

"இப்ப தொடலாமா மேடம்?"