முதல் வரி

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. சத்தம் போட்டுச் சொல்லுத கதை இல்ல இது. தாணுலிங்கம் முதலாளி காதுல விழுந்துரக் கூடாது.

துறைமுகத்துக்குப் போற ரோட்டுல அவருக்கு ஒரு கிளியரிங் ஆபீஸ். கப்பலேறப் போற கன்டெய்னர் பெட்டிக்கெல்லாம் நம்பர், சீல், லாரி சரிபார்த்து லிஸ்ட் கொடுக்கணும். முப்பது வருசமா அந்த லிஸ்ட்டை நோட்டுல கையால எழுதினவர் செந்தூர்பாண்டி. இனிமே கம்ப்யூட்டரே போடட்டும்னு முதலாளி விஜிலாவை வேலைக்கு வச்சார். அவளும் ரெண்டு மாசம் உக்காந்து பைத்தான்ல புரோகிராம் எழுதி முடிச்சாள்.

விஜயதசமி அன்னைக்கு முதல் லிஸ்ட். நாள் குறிச்சதே முதலாளிதான்.

காலையில புரோகிராம் எழுதுற எடிட்டரைத் திறந்தால், எழுதின வரிக்கெல்லாம் கீழே சிவப்புக் கோடு! எடிட்டருக்கும் பைத்தானுக்கும் நடுவுல ஆள் மாதிரி நின்னு, முந்தாநாள் வரைக்கும் சொன்ன பேச்சு கேட்ட பிளக்-இன், இன்னைக்கு 'பைத்தானையே காணோம்'னு நிக்குது.

விஜிலா பிளக்-இன்னைக் கழட்டி மறுபடி மாட்டினாள். எடிட்டரை மூடித் திறந்தாள். கம்ப்யூட்டரையே அணைச்சுப் போட்டாள். நேத்து ஆயுத பூசைக்கு மானிட்டர்ல வச்ச சந்தனம் உதிர்ந்ததுதான் மிச்சம்.

முதலாளி வந்து நின்னார்.

"என்ன பிள்ளே, ஓடுதா?"

"பாத்துக்கிட்டிருக்கேன் முதலாளி."

"பாக்கதுக்கு இது என்ன சினிமாவா? பதினாலு லாரி வரிசையில நிக்கி. மூணு மணிக்குள்ள லிஸ்ட் வரலைன்னா நீ வேற வேலை பாத்துக்கோ."

இந்த வேலை போனால் அவளுக்குப் பெங்களூர் பஸ்தான். பிள்ளைக்கு உள்ளூர்லயே வேலை கிடைச்சிருச்சுன்னு அவ அம்மா மாதா கோயில்ல ஏத்தின மெழுகுவத்தி இன்னும் கரைஞ்சு முடியல.

மூலை மேசையிலிருந்து செந்தூர்பாண்டி எட்டிப் பார்த்தார்.

"என் பேனா எழுதலைன்னா உதறிட்டு எழுதுவேன். இதை எங்கன பிடிச்சு உதற?"



பக்கத்து சீட் ஜெயஷீலா நாற்காலியை இழுத்துக்கிட்டு வந்தாள்.

"ஏளா, நேத்து எல்லாரும் பொரி வாங்கிட்டுப் போன பிறகு, செந்தூர்பாண்டி அண்ணாச்சி உன் மிஷின்ல உக்காந்திருந்தாவ. டிபன் பாக்ஸ் எடுக்க வந்தேன்லா, என் கண்ணால பாத்தேன்."

"அவங்களுக்கு இதுல என்ன வேலை?"

"உன் லிஸ்ட் ஓடிட்டா அவங்களுக்குத்தான் என்ன வேலை? மண்டு மாதிரி இருக்காத. முதலாளிகிட்ட சொல்லு."

உள்ளேயிருந்து முதலாளி கத்தினார்: "எவனாவது கை வச்சிருந்தா இப்பவே சொல்லிரு. நாளையிலிருந்து அவன் இந்தப் படி ஏற வேண்டாம்!"

விஜிலா சொல்லத்தான் எந்திரிச்சாள். என்ன நெனைச்சாளோ, உக்காந்துட்டாள்.

பிளக்-இன் எங்கெங்க தேடிச்சு, என்ன கிடைக்கலைங்கிறதை அதுவே ஒரு மூலையில எழுதி வைக்கும். சிவப்பைப் பார்த்துப் பதறினவ, அதைப் படிக்க மறந்திருந்தாள். இப்ப படிச்சாள். டி டிரைவ்ல PETTIனு ஒரு ஃபோல்டர். பைத்தானையும் அதுக்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமானையும் அதுலதான் வச்சிருந்தாள். அந்த ஃபோல்டரைக் காணோமாம்.

போய்ப் பார்த்தால் ஃபோல்டர் அங்கேயேதான் இருக்கு. பேருக்கு முன்னால மட்டும் புதுசா ஓர் எழுத்து.

'உ PETTI'.

பிள்ளையார் சுழி!

விஜிலா மூலை மேசைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, அந்தப் பெட்டி ஃபோல்டர்ல..."

"பாத்துட்டியா தாயி?" பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "கோவிச்சுக்காத. நீ வேதக்காரப் பிள்ளை, கேட்டா என்ன சொல்லுவியோன்னு கேக்காமலே, நீ பேர் அடிக்கிறதைப் பாத்து வச்சிருந்தபடி போட்டுட்டேன். பெட்டின்னு பேரு இருந்துச்சு, அதான் உன் புது நோட்டுன்னு நெனைச்சேன். சுழி போடாம நான் ஒரு நோட்டும் தொடங்கினதில்ல. இந்த முப்பது வருசத்துல ஒரு பெட்டி மாறினதில்ல. உனக்கும் அப்படியே அமையட்டுமேன்னுதான்..."

சட்டுன்னு நிறுத்தினார். முகம் வெளிறிப்போச்சு.

"ஏன் தாயி, அதனாலயா மிஷின்...?"

பரீட்சைக்குப் போகும்போதெல்லாம், பேப்பர் ஓரத்துல சின்னதா ஒரு சிலுவை போட்டுட்டு எழுதுன்னு சொல்லி அனுப்புற அம்மா நினைவுக்கு வந்தாள் விஜிலாவுக்கு.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நீங்க சாப்பிடப் போங்க."

திரும்பி வந்து, ஃபோல்டர் பேர்ல இருந்த அந்த ஓர் எழுத்தை அழிச்சாள். எடிட்டரை மூடித் திறந்தாள். பழைய பேர்ல ஃபோல்டர் அகப்பட்டதும், சிவப்புக் கோடு ஒண்ணு பாக்கி இல்லாம மறைஞ்சது. ரெண்டே முக்காலுக்குப் பதினாலு பெட்டியும் வரிசையா பிரிண்டர்ல வந்து விழுந்தது.

முதலாளி கண்ணாடியை ஏத்திவிட்டு, ஒவ்வொரு நம்பரா விரல் வச்சுப் பார்த்தார்.

"ம். எல்லாம் சரியா இருக்கு. கெடுத்தது யாரு?"

ஜெயஷீலா விஜிலாவைப் பார்த்தாள். செந்தூர்பாண்டி சாப்பிடப் போகாம தரையைப் பார்த்துக்கிட்டு நின்னார்.

"நான்தான் முதலாளி. தொடங்கும்போது போட வேண்டிய ஒண்ணைப் போடாம விட்டுட்டேன்."

"இனிமே மறக்காத," என்று சொல்லிவிட்டு, லிஸ்ட்டை எடுத்துக்கிட்டு ஓடினார் அவர்.

விஜிலா புரோகிராமைத் திறந்து, முதல் வரிக்கும் மேலே புதுசா ஒரு வரி சேர்த்தாள். அங்கே # குறி போட்டால் அந்த வரியைக் கம்ப்யூட்டர் படிக்காது, மனுசங்கதான் படிப்பாங்க. அந்தக் குறியைப் போட்டு, பக்கத்துல 'உ'ன்னு அடிச்சாள்.