புறாக்கள் எழுந்த காலை

போர்த் தெய்வமான ஹச்சிமானின் கோயிலில் புத்தாண்டுக்கு வாங்கும் அம்பை, அடுத்த புத்தாண்டில் அங்கேயே கொண்டுவந்து தீயில் போட்டுவிட வேண்டும். வீட்டுக்கு அது தரும் காவல் ஒரு வருஷத்துக்குத்தான். சுமியே மட்டும் போடவில்லை. போருக்குப் புறப்பட்ட அன்று அவள் கணவன் கென்சோ வாங்கித் தந்த அம்பு அது. "போர்ச் சாமியின் அம்புக்கு முனையே இல்லை, பார்! நானும் யாரையும் குத்தாமல் வந்துவிடுகிறேன். வந்து நானே தீயில் போடுகிறேன்" என்று சிரித்துவிட்டுப் போனான். போர் முடிந்து, பிழைத்தவர்கள் எல்லாம் ஊர் திரும்பிவிட்டார்கள். அம்பின் வெள்ளை இறகு பழுப்பேறிவிட்டது.

இந்த வருஷம் கோயிலில் கூட்டம் சேருமுன்பே பக்கத்து வீட்டுக் கினு அவளை இழுத்து வந்துவிட்டாள். "போடுடி! உன் வீட்டு வாசலிலேயே நின்று சாமிக்குக் கால் கடுத்திருக்கும்."

சுமியே அம்பைத் தீயை நோக்கி நீட்டினாள். இறகின் நுனி அனலில் சுருண்டது. அப்போது கூரையிலிருந்த புறாக்கள் சடசடவென்று எழும்பின. அவை ஹச்சிமானின் தூதர்கள் என்பார்கள். படிக்கட்டில் யாராவது ஏறி வந்தால்தான் அப்படிப் பறக்கும்.

அவள் வெடுக்கென்று அம்பை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் மரச்செருப்புச் சத்தம் படிப்படியாக ஏறி வந்தது.

"யாரென்று திரும்பித்தான் பாரேன்!"

"சும்மா இரு, கினு." சுமியே கண்களை மூடிக்கொண்டாள். "மேலே வந்து சேரும்வரைக்குமாவது அவராக இருக்கட்டும்."