புளியரை வளைவு

செங்கோட்டை முக்கில் வண்டி மூன்றாவது தடவையாக வந்து நின்றபோது, முஹ்ஸினா டாஷ்போர்டை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம்மது சலீம் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"பயமா இருக்கா, ட்டி?"

"பயம்லாம் இல்ல மச்சான். புளியரை ஏறி ஆரியங்காவு ரோட்டுலயே போவோம்னு காலையிலயே சொன்னேம்லா?"

சொன்னாள்தான். ஆனால் இது சாதாரண வண்டியா? கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் வரைக்கும் உள்ளே வைத்த கேரவன். சவூதியில் இருந்தபடியே கோயம்புத்தூரில் ஆள் பிடித்து, ஒரு பழைய வேனை வீடாக மாற்றச் சொல்லியிருந்தான். அது வந்து சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகிறது. அவன் வந்து சேர்ந்து பன்னிரண்டு நாள்.

ஐந்து வருஷமாக லீவுக்குக்கூட வராதவன், இனி போகப்போவதில்லை என்ற முடிவோடு வந்திருந்தான். முதல் வேலையாக முஹ்ஸினாவுக்குக் கொல்லத்துக் கடலைக் காட்ட வேண்டும். அதைச் சொன்னபோது அவள் லேசாகச் சிரித்தாள். சந்தோஷம் போல என்று நினைத்துக்கொண்டான்.

காலையில் மேலகரத்தை விட்டுக் கிளம்பி, குற்றாலத்தில் டீ குடிக்க நிறுத்தி, அங்கே நின்ற வேன்காரர்களிடம் வழி கேட்டதுதான் வினையாகப் போயிற்று. நீள வண்டி புளியரை வளைவில் திரும்பாது என்றார் ஒருவர். மேக்கரை ஏறி அச்சன்கோவில் வழியாகப் போங்க என்றார் இன்னொருவர். அவரை நம்பி மேக்கரைப் பக்கம் போனால், மரக்கிளை கூரையைப் பிறாண்டியது. நாகர்கோவில் சுற்றியே போய்விடலாம் என்று தென்காசி வரைக்கும் போனான். அத்தனை தூரமா என்று மனசு ஒப்பாமல் திரும்பி வந்துவிட்டான்.

ரியாத்தில் பதினெட்டு வருஷம் ட்ரெய்லர் ஓட்டியவன் சலீம். ஆனால் அங்கே ரோடு கோடு கிழித்த மாதிரி கிடக்கும். மலை ரோட்டில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டியதில்லை என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

"ஏறுறதுன்னா இப்பவே ஏறிருங்க. பத்து மணிக்கு மேல காலியான காய் வண்டிலாம் இறங்க ஆரம்பிச்சிரும்," என்றாள் முஹ்ஸினா.

"அது உனக்கு யாரு சொன்னா?"

"மண்டியில பேசிக்கிடுவாவ."

பாவூர்சத்திரம் காய்கறி மண்டிக்கு வேலைக்குப் போவதாகப் போனில் சொல்லியிருந்தாள். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து சீட்டு எழுதிக் கொடுக்கிறவளுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்? சலீம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

"மச்சான், உங்கட்ட ஒண்ணு சொல்லணும். வந்த நாளையிலேருந்து சொல்லணும்னு…"

"தெரியும். வளைவுல உனக்குத் தலை சுத்தும், அதான? எலுமிச்சம்பழம் வாங்கி வச்சிருக்கேன். கண்ண மூடிக்கோ."

அவள் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

புளியரை தாண்டியதும் ரோடு சாரலில் நனைந்து கிடந்தது. சவூதி வண்டியின் பழக்க தோஷத்தில் அவனுடைய வலது கை கியரைத் தேடிப் போய்க் கதவில் இடித்தது. முதல் வளைவை எப்படியோ திருப்பிவிட்டான்.

அடுத்த வளைவு அவன் கண்ணில் படும் முன்னாலேயே முஹ்ஸினாவின் வலது கால் தரையை அழுத்தியது. பாவம், உள்ளுக்குள் நடுங்குகிறாள். அவளைத் தட்டிக்கொடுக்கலாம் என்று பார்த்தால், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க அவனுக்குத் தைரியமில்லை.

மூன்றாவது வளைவில் மேலிருந்து ஒரு லாரி இறங்கியது. ரோடு முழுக்க அதுதான் இருப்பது போலத் தோன்றியது. சலீம் பிரேக்கில் ஏறி நின்றான். இஞ்சின் அணைந்தது. பதறிப்போய்க் காலை எடுத்தான். வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது.

முஹ்ஸினா சட்டென்று எட்டி ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். வண்டி குலுங்கி நின்றது. உள்ளே பாத்திரங்களெல்லாம் சரிந்து விழுந்தன. பின்னால் ஏழெட்டு வண்டிகள் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன.

லாரிக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். "ஏ, என்னய்யா! வளைவுல கொண்டுபோய் எவனாவது வண்டிய நிப்பாட்டுவானா? ஹாரன் அடிச்சேம்லா?"

 பின்னால் நின்ற வண்டிகளிலிருந்து எல்லோரும் தலையை நீட்டி சலீமையே பார்த்தார்கள்.

"கோவப்படாதிய அண்ணாச்சி," என்றான். "பொம்பளையாளு. மலை ரோடு பழக்கமில்ல. பயந்துட்டா, அதான் நிப்பாட்டிட்டேன்."

முஹ்ஸினா தலையைக் குனிந்துகொண்டாள். முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டாள்.

லாரிக்காரர் குனிந்து, அவனைத் தாண்டிப் பக்கத்து சீட்டைப் பார்த்தார். கோபமெல்லாம் போய், முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது.

"முஹ்ஸினாக்கா, நீங்களா! வாரம் மூணு லோடு கொல்லத்துக்கு அடிக்கிறது போதாதுன்னு, இப்ப டிரைவிங் ஸ்கூலும் ஆரம்பிச்சிட்டியளா?"