கழுகுக் கண்

மகள் வீட்டில் மதியம் தூக்கம் போட்டு, இருட்டும் நேரத்தில் எழுந்த மாமனார், ஹாலைப் பார்த்து அசந்துபோனார். பழங்காலத்துக் கார் ஹெட்லைட் இரண்டு, சுவர் விளக்குகளாக ஜொலித்துக்கொண்டிருந்தன.

“பிரமாதம் மாப்பிள்ளை! என் பழைய கார் லைட்டெல்லாம் இதுக்கு உறை போடக் காணாது. எங்க புடிச்சீங்க?”

“பக்கத்துலதான் மாமா” என்றார் எலக்ட்ரீஷியன் மாப்பிள்ளை.

“அப்பா, கண்ணு சரியில்லாம இருட்டுல கார் ஓட்டாதீங்க. தங்கிட்டுக் காலையில போங்க” என்றாள் மகள், வழக்கம்போல.

“எனக்கா? கழுகுக் கண்ணும்மா!”

சாவியோடு வெளியே போனவர், போன வேகத்திலேயே திரும்பி வந்தார்.

“என் கார்ல லைட் இருந்த இடத்துல ரெண்டு ஓட்டைதான் இருக்கு!”

மகள் சுவரைக் காட்டினாள். “கழுகுக் கண்ணுக்குச் சொந்த லைட்டே அடையாளம் தெரியலையேப்பா!”

“விடிஞ்சதும் மாட்டித் தர்றேன் மாமா” என்று மாப்பிள்ளை தலையணையை நீட்டினார்.