கையில் வாங்கிய நற்கருணை

நற்கருணையைக் கையில் வாங்குவது எளிது. இடது உள்ளங்கையை வலது கையின் மேல் விரித்து நீட்ட வேண்டும். பூசையில் பங்குச் சாமியார் சேசுவின் உடலாக அதில் வைக்கும் அப்பத்தை வலது கையால் எடுத்து நாமே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். வில்பட்டிக் கோயிலில் இதை முதலில் செய்தவர் பாட்டுக் குழுவை நடத்தும் கஸ்பார் வாத்தியார்.

அதனாலேயே அவர் மகள் புஷ்பமேரியின் கல்யாணப் பேச்சு நின்றது.

"சேசுவைக் கையில புடிக்கிற வீட்டுல எனக்குச் சம்பந்தம் வேணாம்" என்றார் மாப்பிள்ளையின் தகப்பன் லூர்துசாமி. பழைய முறைப்படி முழங்காலிட்டு, நாக்கை நீட்டித்தான் அவர் வாங்குவார்.

"ரோமாபுரியே மாறிருச்சுங்க" என்று கெஞ்சினார் கஸ்பார்.

"மாறட்டும். என் நாக்கு மாறாது."

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே லூர்துசாமி நின்றபடி கையை நீட்டினார். கோயிலே வாயைப் பிளந்தது. பூசை முடிந்ததும் கஸ்பார் ஓடிவந்தார்.

"சம்பந்தி! பூசையில கல்யாண ஓலை வாசிக்கச் சாமியார்ட்ட சொல்லிரட்டுமா?"

"வெரசா சொல்லுங்க."

"எப்படிங்க மனசு மாறுனீங்க?"

லூர்துசாமி குரலைத் தாழ்த்தினார். "புதுச் சாமியார் போன வாரம் தெருத்தெருவா தனியா நின்னவங்களை ஒரே வரிசையில கலந்து நிக்க வச்சாருல்ல? சேரிக்காரன் உபகாரம் எனக்கு முன்னாடி நிக்கான். அவன் நாக்குல பட்ட சாமியார் வெரலு அப்படியே என் நாக்குக்கு வருது!"

கஸ்பார் அவர் தோளை அணைத்துக்கொண்டார்.

"பாட்டுக் குழு நாங்க எப்பவும் கடைசியிலதானே வாங்குறோம்? சேரிக்காரங்களுக்குப் பொறவுதான் எங்க முறை. நான் எதுக்குக் கையை நீட்டுனேன்னு நெனச்சீங்க, சம்பந்தி?"