துரை விட்டுப்போன படகு

“பெட்டியில வெச்சிருந்த பொடவ எங்கய்யா?”

ஜெயம் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. வாசலில் கவிழ்த்து வைத்திருந்த படகுக்குக்கூடக் கேட்டிருக்கும். புருஷன் அந்தோணிசாமிக்கு மட்டும் கேட்கவில்லை.

காணாமல் போனது ஏதோ ஒரு புடவை இல்லை. கல்யாணத்தன்று மாதா கோயிலில் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து, மந்திரித்துக் கொடுத்த புடவை. ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் உடுத்தி, ஒன்பது வருஷமாக மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள். செத்தால் அதைத்தான் தனக்குக் கட்ட வேண்டும் என்று சொல்லியும் வைத்திருந்தாள்.

“நேத்து பாண்டிக்குப் போனியே, அங்க வித்துக் குடிச்சிட்டியா?”

மதுவிலக்கு இருந்த காலம் அது. திண்டிவனத்தில் நாக்கு வறண்டவன் பாண்டிச்சேரிக்குத்தான் பஸ் ஏறுவான்.

“பிசின் டப்பா வாங்கத்தான் போனேன்.”

“கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது. கிட்ட வந்தா ஸ்பிரிட்டு நாத்தம்!”

“அது பிசின் நாத்தம்.”

“எங்க வூட்டுக்காரரும் அப்பிடித்தான் சொல்லுவாரு, கஷாயம் குடிச்சேன்னு” என்றாள் பக்கத்து வீட்டுச் சவுரியம்மாள். தெருவே சிரித்தது. அந்தோணிசாமி படகைத் தேய்க்கக் குனிந்துகொண்டான்.

எல்லாம் அந்தப் படகால் வந்த வினை. பாண்டிச்சேரியை விட்டுக் கப்பலேறிய பிரெஞ்சுக்கார துரை ஒருவர் விட்டுப்போனது. மரமும் இல்லை, இரும்பும் இல்லை. கண்ணாடி நூலில் நெய்த துணியைப் பிசினில் நனைத்து, அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தது. அடியில் பூசணிக்காய் நுழையும் அளவுக்கு ஓட்டை.

மல்லாட்டை எண்ணெய் மில் முதலாளி அப்பாதுரை அதை ஆசைப்பட்டு வாங்கிவந்தார். துரையின் படகுக் கொட்டகையில் வேலை பார்த்த அந்தோணிசாமியைத் தவிர அந்த வேலை தெரிந்தவன் சுற்றுவட்டாரத்தில் இல்லை. பிசின் நாற்றம் தன் வீட்டுக்கு ஆகாது என்று படகைச் சேரியில் அவன் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார் முதலாளி.

ஆறு மாசம் வேலை நடந்தது. வாரத்துக்கொரு தரம் காரில் வந்து, மூக்கில் கைக்குட்டையோடு பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் உச்சிவெயிலில் வேர்த்து விறுவிறுத்து நின்றவருக்கு ஜெயம் செம்பில் தண்ணீர் நீட்டினாள்.

“தாகமில்லம்மா.”

அப்படிச் சொன்ன மனுஷன் தெருமுனைக் கடையில் காரை நிறுத்தி, ஒன்றுக்கு இரண்டாகக் கோலி சோடா குடித்தார். செம்புத் தண்ணீர் முருங்கை மரத்துக்குப் போனது.

புடவைச் சண்டை நடந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை படகை ஏரியில் இறக்கினார்கள். விழுப்புரத்திலிருந்துகூட பஸ் பிடித்து வந்திருந்தார்கள். ஜெயமும் போனாள், வேடிக்கை பார்க்க இல்லை. புடவையை எந்தக் கடையில் விற்றாய் என்று அத்தனை பேர் நடுவில் புருஷனைக் கேட்டுவிடுவதென்று போனாள்.

வெள்ளையும் நீலமுமாகப் படகு பளபளத்தது. வயிற்றெரிச்சலையும் மீறி அவளுக்குப் பெருமை பொங்கியது. என்ன இருந்தாலும் அவள் ஆள் கைவேலை! கிட்டே போய்த் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள்.

“தொடாதம்மா!” என்று அதட்டினார் அப்பாதுரை. “ஆறு மாசம் அங்க கெடந்தது. இப்பத்தான் மஞ்சத்தண்ணி தெளிச்சித் தீட்டுக் கழிச்சிருக்கு.”

நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

முதலாளியும் அவர் சம்சாரமும் மூன்று பிள்ளைகளும் ஏறி உட்கார்ந்தார்கள். மோட்டாரைப் பிடிக்க டிரைவர் ஏறினான். ஆறு மாசமாகப் பாடுபட்டவனை ஏறு என்று ஒருவரும் சொல்லவில்லை. அவன் கரையில் நின்று, படகின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இப்ப சொல்லு. பொடவ எங்க?”

மோட்டார் சத்தத்தில் அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

“ஓட்டைக்குக் கடைசி அடுக்கு போடக் கண்ணாடித் துணி பத்தல, ஜெயம். பிசினக் கலக்கிட்டேன். அரை மணியில கல்லாயிடும். எங்க ஓடுறது? வூட்ல நைஞ்சி போவாத துணி அது ஒண்ணுதான் இருந்திச்சி.”

ஜெயம் ஏரியில் போகும் படகைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஒரு அடுக்கு கொறஞ்சா யாருக்குய்யா தெரியப்போவுது? மேலதான் பெயிண்டு அடிச்சிட்டியே!”

“யாருக்கும் தெரியாது. நடு ஏரியில வாய் பொளந்துச்சின்னா? உள்ள மூணு பசங்க உக்காந்துக்கினு இருக்குது.”

“எங்கிட்டயாவது சொல்லக்கூடாதா? ஊரே ஒன்னக் குடிகாரன்னு சொல்லுதே.”

“நீ அழுதா தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரிஞ்சா அவருக்குத் தெரியும். அப்புறம் ஏறுவாரா? என் வேலை தண்ணியப் பாக்காமலே போயிருக்கும்.”

படகு நடு ஏரியில் பெரிய வட்டம் போட்டது. பிள்ளைகள் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். அப்பாதுரை எழுந்து நின்று கையை ஆட்டினார்.

“ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரல! எல்லாம் தீட்டுக் கழிச்ச ராசி!”

கரையில் கைத்தட்டல் பறந்தது. சவுரியம்மாள் ஜெயத்தின் தோளை இடித்தாள்.

“இன்னாடி, பேசிக்கினே இருந்தீங்களே. பொடவய எந்தக் கடையில வித்தாராம்?”

ஜெயம் புருஷன் பக்கத்தில் ஒட்டி நின்றுகொண்டாள். தலையை நிமிர்த்தி, நாலு பேருக்குக் கேட்கும்படியே சொன்னாள்.

“எம் புருஷன் விக்கவும் இல்ல, குடிக்கவும் இல்லக்கா. அதோ பாரு, மொதலாளி குடும்பத்தோட அதும்மேலதான் உக்காந்துக்கினு போறாரு!”