இரண்டு மணிச் சத்தம்

"எடைப் பட்டியலை எக்செல் ஒரு நொடியில கூட்டிடுது. அப்புறம் எதுக்கு இந்தப் பழைய கூட்டல் மெஷினைப் போட்டு டொக்கு டொக்குன்னு தட்டறீங்க?" என்று கேட்டார், பேப்பர் கிடங்குக்குப் புதிதாக வந்த மேனேஜர்.

"தினமும் ரெண்டு மணியிலேர்ந்து மூணு வரைக்கும் தட்டணும் சார். முதலாளி சொல்லியிருக்கார்," என்றார் கிளார்க் அம்மா.

"எக்செல் மேல அவருக்கு நம்பிக்கை இல்லையா?"

"அவரையே ஒரு வார்த்தை கேட்டுக்குங்க சார்."

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்."

மெஷின் அன்றே பரணுக்குப் போனது.

மூன்றாம் நாள் மதியம் உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு முதலாளி வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"மெஷின் எங்கே?"

"பரண்ல சார். இனிமே சத்தமே இருக்காது," என்றார் மேனேஜர் பெருமையாக.

"அதான் மூணு நாளா எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல. இருபது வருஷமா அந்தச் சத்தத்துலதான் கண்ணசருவேன். இறக்கி வைங்க. அந்தம்மாவுக்கு வேலை இருக்கு, நீங்களே தட்டுங்க."

மறுநாள் இரண்டு மணிக்கு மேனேஜர் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே கிளார்க் அம்மா சொன்னார்:

"நிதானமா தட்டுங்க சார். வேகமா தட்டினா முழிச்சுக்குவார்."